தீவான் கொல்லை

என் ஆபீஸில் தட்டச்சான ஒரே ஒரு சொல்லுக்காக மூன்று வாய்தா நான் தலை நிமிராமல் நின்ற வழக்கு ஒன்று உண்டு. 2005-இல் நடந்தது. இரண்டு தரப்புக் குடும்பமும் இன்றைக்கும் நன்றாக இருப்பதால் பெயர்களை விட்டுவிடுகிறேன். ஊர்ப் பெயரை மட்டும் விட முடியாது. வழக்கே அதில்தான் திரும்பியது. கனகம்மாசத்திரம்.

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் திருவள்ளூரைத் தாண்டி, திருத்தணி வருவதற்கு முன்னால் இந்த ஊரைப் பார்த்திருப்பார்கள். பார்த்ததாக நினைவிருக்காது. சுற்றிலும் கரும்பு, வேர்க்கடலை, மாந்தோப்பு. பக்கத்தில் திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. வீட்டில் ஒரு வாய் தமிழ், கடையில் ஒரு வாய் தெலுங்கு. அங்கே சாலையை ஒட்டிய ஒரு கொல்லையை அரசு எடுத்துக்கொண்டது. எங்கள் பக்கம் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம் இல்லை, புன்செய்க் காடு.

நில எடுப்பு வழக்கில் பெரும்பாலும் கதை இருக்காது. சென்ட்டுக்கு என்ன விலை என்ற ஒரே கேள்வியில் ஐந்து வருஷம் ஓடும். இது வேறு மாதிரி. அன்று நடப்பில் இருந்த 1894-ஆம் வருஷ நில எடுப்புச் சட்டத்தின் 30-வது பிரிவில் வந்தது. விலையில் தகராறு இல்லை, பணம் யாருக்கு என்பதில்தான் தகராறு. அப்படியானால் அதிகாரி பணத்தைக் கோர்ட்டில் கட்டிவிட்டு, ‘நீங்களே முடிவு பண்ணுங்கள்’ என்று ஒதுங்கிக்கொள்வார். கூட்டுப் பட்டாவில் இரண்டு பெயர் இருந்தது. அண்ணன், தம்பி. இருவரும் போய்ச் சேர்ந்து பல காலம். தம்பியின் பேரன்கள் ஊரில் இருந்தார்கள், தீர்வை கட்டி வந்தார்கள். அண்ணனுக்கு வாரிசே கிடையாது, சின்ன வயசிலேயே கல்யாணம் ஆகாமல் செத்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அந்த அண்ணனின் பேரன் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் என் வாசலில் வந்து நின்றார். ஐம்பத்தேழு வயது. பூப்போட்ட சட்டை, நெற்றியில் திருத்தணி மலை விபூதி. காலையில்தான் 365 படியும் ஏறி இறங்கி வந்திருந்தார். பிஜித் தீவில் நாடி என்ற ஊர்க்காரர். அங்கேயும் பெரிய முருகன் கோயில் இருக்கிறது, சிவசுப்பிரமணிய சுவாமி, 1994-இல் நம் ஊர் முறைப்படியே புதிதாகக் கட்டினார்கள் என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். தமிழ் அவரிடம் தாத்தா, ஆயா, சாமி, அரோகரா என்ற அளவில் மிஞ்சியிருந்தது. வீட்டில் பேசுவது பிஜி இந்தி. அங்கே போன தென்னாட்டாரில் அநேகரின் நிலை இதுதான்.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். 1908-இல் அவருடைய தாத்தா மதராஸில் கப்பல் ஏறியபோது எழுதிய குடியேற்றச் சீட்டின் நகல். சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எடுத்தது. பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், உடம்பில் உள்ள தழும்பு, ஜில்லா, கிராமம், நெருங்கிய உறவினர். ஒரு மனிதனை அடையாளம் காட்ட அந்தக் காலத்து வெள்ளைக்காரக் குமாஸ்தா கேட்ட கேள்விகளை இன்றைக்கு நம் வருவாய்த்துறைகூடக் கேட்பதில்லை. நெருங்கிய உறவினர் என்ற கட்டத்தில் தம்பியின் பெயர். பட்டாவில் இருக்கும் அதே பெயர். ஊர் என்ற கட்டத்தில்தான் வில்லங்கம். சத்திரத்தை சௌல்ட்ரி ஆக்கி, கனகத்தைச் சிதைத்து, எந்த ஊர் என்றே தெரியாதபடி கிறுக்கியிருந்தது.

பிஜிக் கதையைப் படித்தவர்களுக்குத் தெரியும். கரும்புத் தோட்டங்களுக்காக 1879-இலிருந்து 1916 வரை இந்தியாவிலிருந்து 60,000-க்கும் மேற்பட்டவர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிப்போனார்கள். முதலில் கல்கத்தாவிலிருந்து மட்டும். 1903 முதல் மதராஸிலிருந்தும். தெற்கே இருந்து போனவர்கள் ஏறக்குறைய 15,000 பேர், அதில் வட ஆற்காட்டுக்காரர்கள் நிறைய. ஐந்து வருஷ ஒப்பந்தம். ‘அக்ரிமெண்ட்’ என்ற சொல் தேய்ந்து ‘கிர்மிட்’ ஆகி, கிர்மிட்டில் போனவர்கள் ‘கிர்மிட்டியா’ ஆனார்கள். அங்கே பெண்கள் பட்ட பாட்டைக் கேட்டுத்தான் பாரதி கரும்புத் தோட்டத்தைப் பற்றிப் பாடினார். பத்து வருஷம் இருந்தால் ஊர் திரும்பக் கப்பல் இலவசம். என் கட்சிக்காரரின் தாத்தா திரும்பவில்லை. ஏன் என்று கேட்டேன். “கல்யாணம் பண்ணிட்டார்” என்றார். அதற்கு மேல் காரணம் வேண்டுமா?

வழக்கை எடுத்துக்கொண்டேன். வெளிநாட்டுக் குடிமகன் இங்கே விவசாய நிலம் வாங்க முடியாது, ஆனால் இந்திய வம்சாவளியினர் வாரிசாக அடையத் தடையில்லை. அது முதல் நாளே தீர்ந்துபோன சந்தேகம். காலதாமதத்தைப் பற்றித்தான் கவலை. பங்காளிகளில் ஒருவன் அனுபவித்தால் எல்லோருக்காகவும் அனுபவிக்கிறான் என்பது சட்டம். ‘உனக்குப் பங்கில்லை’ என்று பகிரங்கமாக வெளியேற்றினால்தான் உரிமை போகும். வெளியேற்ற ஆளே இங்கே இல்லையே என்று வாதாடலாம் என நினைத்தேன். அதைவிட முக்கியம், ஜமீன் ஒழிப்புக்குப் பின் செட்டில்மென்ட் அதிகாரிகள் வந்தபோது, தம்பியே முன்நின்று காணாமல் போன அண்ணன் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கடிதம்கூட வராத அண்ணன்.

சறுக்கல் எங்கே வந்தது என்றால், பவர் பத்திரத்தில். சுவாவில் ஒரு வக்கீல் தயாரித்து, இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கிய பவர். அதில் கட்சிக்காரரை ‘எ பிஜி ஐலண்டர்’ என்று குறித்திருந்தது. என் குமாஸ்தா அதைப் பார்த்துக் கோரிக்கை அறிக்கையைத் தமிழில் தயாரித்தார். மூன்றாவது பத்தியில் இப்படி எழுதினார்: ‘மனுதாரர் பிஜித் தீவின் பழங்குடி ஆவார்.’ நான் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்க்காமல் என்பது முழு உண்மை இல்லை. பணக் கணக்கு இருந்த பத்தியை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

எதிர்த்தரப்பு சீனியர் எழுபது வயதுக்காரர். தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் ஒரே மாதிரி கடிக்கத் தெரிந்தவர். என் கட்சிக்காரர் கூண்டில் ஏறிய அன்று முதல் கேள்வியே மூன்றாவது பத்தி. “பழங்குடின்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. பிஜித் தீவுப் பழங்குடி ஒருத்தர் கனகம்மாசத்திரத்துக்காரருக்குப் பேரன் ஆக முடியுமா?” நான் எழுந்து, மொழிபெயர்ப்புப் பிழை என்றேன். “ஒப்புக்கொண்டதை நிரூபிக்க வேண்டியதில்லை, சாட்சியச் சட்டம் 58” என்றார் அவர், என்னைப் பார்க்காமலே.

பிறகு நடந்த குறுக்கு விசாரணையை என்னால் மறக்க முடியாது. ஆங்கிலத்தில் நடந்ததை நினைவிலிருந்து தமிழில் தருகிறேன்.

“நீங்க பிஜியனா?”

“இல்லை.”

“உங்க பாஸ்போர்ட் பிஜி அரசாங்கம் கொடுத்ததுதானே?”

“ஆமாம்.”

“பவர்ல பிஜி ஐலண்டர்னு இருக்கே?”

“ஆமாம். அது சரிதான்.”

“பிஜியன் இல்லை, ஆனா பிஜி ஐலண்டர்?”

“ஆமாம். பிஜியன்னா அவங்க. பிஜி ஐலண்டர்னா எல்லாரும்.”

“அப்ப நீங்க யாரு? இந்தியரா?”

“ஆமாம்.” கொஞ்சம் யோசித்தார். “அங்கே இந்தியன். இங்கே இல்லை.”

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, “இதை எப்படிப் பதிவு செய்வது?” என்று என்னைக் கேட்டார்.

அவர் சொன்னது அத்தனையும் அட்சர சுத்தமான உண்மை. அன்றைய பிஜியின் சட்டமே அப்படித்தான் இருந்தது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

அந்தத் தீவுக்கூட்டத்துக்கு அவர்கள் மொழியில் விட்டி என்று பெயர். பக்கத்து டோங்காக்காரர்கள் அதை ‘பிசி’ என்று உச்சரிப்பார்கள். கேப்டன் குக் காதில் டோங்காவில் விழுந்ததுதான் ‘பிஜி’ ஆனது. ஆக அந்த நாட்டின் பெயரே அண்டை வீட்டார் வாயில் மாறியதை மூன்றாவது ஆள் எழுதிக்கொண்டது. பூர்வகுடிகள் தங்களைக் ‘கைவிட்டி’ என்பார்கள், விட்டிக்காரன். நம்மவர்கள் ‘கைஇந்தியா’. வெள்ளைக்காரன் ஆட்சியில் ‘பிஜியன்’ என்ற ஆங்கிலச் சொல் பூர்வகுடிகளுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. நான்கு தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்தாலும் இந்தியர் இந்தியர்தான். 1970-இல் சுதந்திரம் வந்தும் அது மாறவில்லை. ஓட்டர் பட்டியலே இனவாரியாக இருந்தது. 1997-ஆம் வருஷ அரசியல் சட்டத்தில் 71 இடம், அதில் பிஜியருக்கு 23, இந்தியருக்கு 19, ரோட்டுமா தீவினருக்கு 1, மற்றவர்களுக்கு 3, எல்லோருக்கும் பொதுவாக 25. எல்லாக் குடிமக்களையும் சேர்த்துச் சொல்ல ஒரு சொல் வேண்டுமே என்று அதே காலத்தில் கொண்டுவந்ததுதான் ‘பிஜி ஐலண்டர்’. பூர்வகுடி அல்லாதவரையும் உள்ளே இழுப்பதற்காகச் செய்த சொல். அதைத்தான் என் குமாஸ்தா ‘பழங்குடி’ என்று ஆக்கினார். இதைவிடத் தலைகீழாக ஒரு சொல்லை மொழிபெயர்க்க முடியாது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பூர்வகுடிகள் தங்களைச் சொல்லிக்கொள்ள இன்னொரு சொல்லும் உண்டு, ‘தௌகெய்’. நிலத்துக்கு உடையவன் என்று பொருள். அதற்கு எதிர்ச்சொல் ‘வுலாங்கி’, வந்தவன், விருந்தாளி. கட்சிக்காரர் இதை விளக்கியபோது எனக்கு நம் தொண்டை மண்டலத்துப் பழைய வருவாய்க் கணக்குகள் ஞாபகம் வந்தன. மிராசுதார், உள்குடி, பரகுடி என்று அதே ஊரில் உழுகிறவர்களையே மூன்றாகப் பிரித்தவர்கள்தானே நாமும். பிஜியில் நிலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் தௌகெய் குலங்களுக்கு உரியது, விற்க முடியாது. இந்தியர் குத்தகைக்குத்தான் கரும்பு போடலாம். 1976-ஆம் வருஷச் சட்டப்படி முப்பது வருஷக் குத்தகை. 1997 முதல் அவை ஒவ்வொன்றாக முடிய ஆரம்பித்தன. என் கட்சிக்காரரின் குத்தகையும் புதுப்பிக்கப்படாமல் முடிந்திருந்தது. நடுவில் 1987-இல் இரண்டு ராணுவப் புரட்சி, 2000-இல் முதல் இந்திய வம்சாவளிப் பிரதமரான மகேந்திர சௌத்ரியையே பிணைக்கைதியாகப் பிடித்து வைத்த இன்னொரு ஆட்சிக் கவிழ்ப்பு. ‘சொந்தமாக மண் என்று ஒன்று எங்காவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தேன், பணத்துக்கு இல்லை’ என்றார். பணத்துக்கு இல்லை என்று சொல்லும் கட்சிக்காரர்களை நான் நம்புவதில்லை. இவரை முக்கால்வாசி நம்பினேன்.

கட்சிக்காரர் கூண்டில் நின்ற அன்றே, சாப்பாட்டு இடைவேளைக்குப் பின் சீனியர் ஒரு பழைய புத்தகத்தோடு வந்தார். பசிபிக் கரும்புத் தோட்டங்களைப் பற்றியது. அதில் தோட்டத்தில் வேலை செய்த தீவுவாசிகளுக்குக் ‘கனாகா’ என்று பெயர் என்று போட்டிருந்தது. அதுவும் உண்மைதான். ஹவாய் மொழியில் கனாகா என்றால் மனிதன், அவ்வளவுதான். மாவோரியில் தங்கதா, பிஜி மொழியில் தமதா, எல்லாம் ஒரே வேர். 1863-இலிருந்து 1904 வரை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரும்புக்காட்டுக்குச் சாலமன் தீவுகளிலிருந்தும் இன்றைய வனுவாட்டுவிலிருந்தும் சுமார் 62,000 ஆள் பிடித்துப் போனார்கள். சிலரை ஏமாற்றி, சிலரைத் தூக்கிக்கொண்டு. அவர்கள் எல்லோருக்கும் வெள்ளைக்காரன் வைத்த ஒரே பெயர் கனாகா. மனிதன் என்ற சொல் வசையாகிவிட்டது. நம்முடைய கூலியும் இப்படித்தானே. இங்கே உழைப்புக்குத் தரும் காசு, கப்பல் ஏறியதும் உழைக்கிறவனைத் திட்டும் சொல். ஆனால் பக்கத்தில் நியூ கலிடோனியாவில் பூர்வகுடிகள் அதே சொல்லைத் தேய்த்துக் ‘கனாக்’ என்று தங்கள் கொடியிலேயே ஏற்றிக்கொண்டார்கள். 1998-இல் பிரெஞ்சு அரசு போட்ட நூமெயா ஒப்பந்தத்தில் அவர்களுக்கு அதுதான் பெயர்.

இந்த வரலாறெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. சீனியர் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதும் வயிற்றைக் கலக்கியது. அவருடைய திட்டம் தெளிவு. தாத்தாவைக் கனாகா என்று அழைத்தார்கள் என ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் போதும். தோட்டத்துத் தீவுவாசி, தமிழன் இல்லை, முடிந்தது கதை.

“தோட்டத்துல உங்க தாத்தாவை கனகான்னு கூப்பிட்டாங்களா?”

ஹவாய்க்காரர் போலக் ‘கனாகா’ என்று நீட்டாமல், நம் ஊர் வாய்க்கு வந்தபடி ‘கனகா’ என்றுதான் சொன்னார்.

கட்சிக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. “ஆமாம்! அப்படித்தான் கூப்பிடுவாங்க. இது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சீனியர் திருப்தியோடு உட்கார்ந்தார். குறுக்கு விசாரணை முடிந்தது என்றார். எனக்கு மட்டும் அந்த முகமலர்ச்சி உறுத்தியது. தோற்கிற சாட்சி அப்படிச் சிரிக்க மாட்டான். மறு விசாரணையில், விடை தெரியாத கேள்வியைக் கேட்கக்கூடாது என்று என் சீனியர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை மீறி, ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“ஏன் அப்படிக் கூப்பிட்டாங்க?”

“தாத்தா லைன்ல அதே பேர்ல நாலு பேரு. ஒருத்தரை ஆற்காடுன்னு கூப்பிடுவாங்க. ஒருத்தரு வேலூரு. எங்க தாத்தா ஊரு கனகம்மான்னு ஏதோ. அதான் கனகா. சாகற வரைக்கும் கனகா தாத்தாதான்.”

நீதிபதி நிமிர்ந்தார். “ஊர்ப் பேரு என்ன சொன்னீங்க?” மறுபடி சொல்லச் சொல்லி, அவரே டைப்பிஸ்டுக்கு எழுத்துக் கூட்டிக் கொடுத்தார். இறந்துபோன பெரியவர்கள் உறவைப் பற்றிச் சொல்லி வைத்ததைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று அன்றைய சாட்சியச் சட்டத்தின் 32-வது பிரிவில் ஐந்தாவது உட்பிரிவு இருந்தது. ஊர்ப் பெயரையே ஆள் பெயராக்கி அறுபது வருஷம் ஒரு தீவே கூப்பிட்டிருக்கிறது என்பதற்கு எந்தப் பிரிவு என்று நான் தேடவில்லை. அதைக் கேட்டு வாங்கியது எதிர்த்தரப்பு. அதனால் ஆட்சேபிக்கவும் அவர்களுக்கு வழியில்லை.

மூன்றாவது பத்தியைத் திருத்த மனுப் போட்டேன். தள்ளுபடி. விசாரணை தொடங்கிய பிறகு தகுந்த காரணம் இல்லாமல் திருத்தக் கூடாது என்று 2002-இல் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 6-ஆம் கட்டளை 17-ஆம் விதியில் சேர்த்துவிட்டார்கள். ‘படித்துப் பார்க்கவில்லை’ என்பது தகுந்த காரணம் இல்லை. நியாயமான உத்தரவுதான். மேலே போயிருக்கலாம். கட்சிக்காரருக்கோ விமான டிக்கெட் நாள் நெருங்கிவிட்டது. சொல்லின் பொருள் சட்டப் பிரச்சினை, அது ஒப்புதல் ஆகாது என்று வாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என விட்டேன். அவர் போனபின் சுவாவிலிருந்து ஓட்டர் பட்டியலின் சான்றிட்ட நகலை அனுப்பினார், இந்தியர் பட்டியல் என்ற தலைப்போடு.

தப்பாக மொழிபெயர்த்த குமாஸ்தா ஒரு வாரம் என் முகத்தில் விழிக்கவில்லை. பிறகு தானாகவே பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு நடக்க ஆரம்பித்தார். அப்போது கம்ப்யூட்டரில் எடுத்த வில்லங்கச் சான்று அவ்வளவு பழைய காலத்துக்குப் போகாது, பழைய இண்டெக்ஸ் புத்தகங்களைக் கையால் புரட்ட வேண்டியிருந்தது. ஒன்பதாவது நாள் ஒரு பத்திரத்தோடு வந்தார். 1957-ஆம் வருஷப் பாகப்பத்திரம். தம்பியின் பிள்ளைகள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டது. முழுக்கத் தெலுங்கில் இருந்தது.

ஏன் தெலுங்கு என்று இளைய வக்கீல்கள் கேட்பார்கள். தாத்தா கப்பல் ஏறியபோது திருத்தணிப் பக்கம் வட ஆற்காடு ஜில்லா, கார்வேட்டிநகரம் ஜமீன். 1911-இல் சித்தூர் ஜில்லாவை உண்டாக்கி அதில் சேர்த்தார்கள். 1953-இல் ஆந்திரா பிரிந்தபோது நாங்கள் ஆந்திராக்காரர்கள் ஆனோம். ம.பொ.சி. முன்நின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்து செங்கல்பட்டு ஜில்லா ஆனது. 1997-இலிருந்து திருவள்ளூர் மாவட்டம். என் தகப்பனார் அதே வீட்டில், அதே திண்ணையில் உட்கார்ந்துகொண்டே இத்தனை ஊர்க்காரராக இருந்திருக்கிறார். கூண்டில் நின்ற மனிதர் ‘அங்கே இந்தியன், இங்கே இல்லை’ என்றபோது சிரித்தவர்களில் பாதிப் பேர் அதே கதைக்காரர்கள்.

பத்திரத்தில் குமாஸ்தா விரல் வைத்துக் காட்டிய வரி, ஒரு நிலத்தின் கிழக்கு எல்லை. ‘தீவிவானி சேனு’ என்றிருந்தது. தெலுங்கில் தீவி என்றால் தீவு. தீவுக்காரனுடைய கொல்லை.

“இது நம்ம சர்வே நம்பர் பக்கத்துலதான் வருது சார்” என்றார். “பழங்குடின்னு போட்டது நான்தான். இதை நீங்களே படிச்சுப் பாத்துடுங்க.”

எதிர்த்தரப்பின் முதல் சாட்சி, தம்பி வழிப் பேரன்களில் மூத்தவர். நல்ல மனிதர். பொய் சொல்லப் பழகாதவரைப் பொய் சொல்லக் கூட்டி வந்திருந்தார்கள் என்பது கூண்டைப் பிடித்திருந்த கையிலேயே தெரிந்தது. பத்திரத்தைக் காட்டவில்லை. முதலில் சும்மா கேட்டேன்.

“இந்தக் கொல்லைக்கு ஊர்ல ஏதாவது பேர் இருக்கா?”

“இருக்குதுங்க. தீவான் கொல்லைம்பாங்க.”

“தீவான்னா யாரு?”

அவர் சீனியரைப் பார்த்தார். சீனியர் ஜன்னலைப் பார்த்தார்.

“எங்க தாத்தாவுக்கு மூத்தவருங்க. தீவுக்குப் போனவரு.”

பத்திரத்தைக் குறியிட்டுவிட்டு உட்கார்ந்தேன். சின்ன வயசிலேயே செத்துப்போனவர் எப்படித் தீவுக்குப் போனார் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் ஏதாவது விளக்கம் சொல்வார். கேட்காமல் விட்ட கேள்விகளால்தான் நான் அதிகம் ஜெயித்திருக்கிறேன்.

தீர்ப்பு வரை போகவில்லை. அந்த வாரமே சீனியர் என்னைக் கேண்டீனுக்குக் கூப்பிட்டு டீ வாங்கிக்கொடுத்தார். அவர் டீ வாங்கித் தந்தால் ராஜி என்று அர்த்தம். எதிர்த்தரப்பு சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. 97 வருஷம் தீர்வை கட்டியது அவர்கள், கிணறு வெட்டியது அவர்கள். பாதி கேட்கலாம் என்றேன் நான். கட்சிக்காரர் போனில், மூன்றில் ஒன்று போதும், அண்ணனிடம் சண்டை வேண்டாம் என்றார். வழக்கு நடந்தபோது ஒரு நாள்கூட அவர் எதிர்த்தரப்பை அண்ணன் என்று சொன்னதில்லை. கையெழுத்துப் போட அடுத்த தை மாதம் வந்தார். பங்காளிகள் வீட்டில் பொங்கல் சாப்பிட்டார். ரோட்டோரத்தில் நின்றிருந்த கரும்பைப் பார்த்து, இது வெட்டி இரண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும், தாமதம் செய்கிறார்கள் என்று குறை சொன்னாராம். அதற்கப்புறம்தான் ஊரே அவரை நம்பியது என்று குமாஸ்தா வந்து சொன்னார்.

பல வருஷம் கழித்து ஒரு போன் வந்தது. பிஜியில் சட்டத்தை மாற்றிவிட்டார்கள் என்றார். 2010-இல் பூர்வகுடிகளின் அதிகாரப் பெயர் ‘இதௌகெய்’ என்று ஆனது. 2013 அரசியல் சட்டத்தின்படி குடிமக்கள் எல்லோருமே பிஜியர். “இப்ப அந்த சீனியர் கேட்டா ஆமாம்னு சொல்லலாம்” என்றார். சொல்லும்போது அவர் நியூசிலாந்தில், மகள் வீட்டில் இருந்தார். அங்கே அவரை என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். ‘ஃபாரத்துக்கு ஃபாரம் மாறுது வக்கீல் சார்’ என்று சிரித்தார்.

ராஜி மனுவைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே. அதைத் தயாரிக்கும்போது குமாஸ்தா பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தார். “இவருக்கு என்ன சார் போடறது?” என்றார். பிஜியன் என்று போட முடியாது, இந்தியர் என்று போட முடியாது, தீவுவாசி என்று போட அவருக்கே தைரியம் இல்லை. நான் சொல்லச் சொல்ல எழுதினார். ‘கனகம்மாசத்திரம் கிராமத்தைச் சேர்ந்தவரும், தற்போது பிஜி நாட்டில் நாடி நகரத்தில் வசித்து வருபவருமான...’

சீனியர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். ‘தற்போது’ என்ற இடத்தில் விரல் நின்றது.

“தொண்ணூத்தேழு வருஷமாவா, தம்பி?”

“ஆமாம் சார்.”

இன்னொரு முறை படித்தார். கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, கட்சிக்காரர் பக்கம் தாளைத் தள்ளினார்.